ஒண்ணு வாங்கினா திட்டாதீங்க!

கேள்வி: என் தம்பி குடும்பத்தோட செக் நாட்டுல, பிர்னோல இருக்கான். அவன் பொண்ணு ரிப்போர்ட் கார்டை வாட்ஸ்அப்ல அனுப்பினா, கணக்குல 1, கெமிஸ்ட்ரில 1, வரலாறுல 3. இவன் என்னடான்னா அந்த 3-க்கு போய் திட்டுறான்! படிக்கிறதும் ஏதோ ஜிம்முங்கிறான். இதுல மே மாசம் பெரிய பரீட்சைய வெச்சுக்கிட்டு ஸ்கூல் டான்ஸுக்கு கவுன் வாங்கிட்டாளாம். என்ன கூத்துங்க இது?
- வாசகி, ஈரோடு

பதில்: அக்கா, தம்பி கணக்கு சரிதான். அங்க 1 தான் டாப்பு, 5 வந்தா ஃபெயில். அது ஜிம் இல்ல, கிம்னாசியம், அதாவது காலேஜ் போற நெனப்புல இருக்குறவங்க படிக்கிற ஸ்கூல், 9-ம் கிளாஸ் முடிச்சு சேர்ந்தா 4 வருஷம், 5-ம் கிளாஸ்லயே தாவினா 8 வருஷம், எப்படிப் போனாலும் செக் மொழிலயும் கணக்குலயும் நாடு முழுக்க ஒரே என்ட்ரன்ஸ். பதினோரு வயசுப் புள்ளைக்கு என்ட்ரன்ஸான்னு எனக்கே கடுப்புதான். பட்டாணிச் செடிய வெச்சு மரபியல் விதிய கண்டுபிடிச்ச விஞ்ஞானி கிரிகோர் மெண்டல் படிச்சது ஓபாவாங்கிற ஊர்ல இப்படி ஒரு கிம்னாசியத்துலதான், அப்பேர்ப்பட்டவரே பின்னாடி வாத்தியார் பரீட்சைல தேறல, அதை உங்க தம்பிகிட்ட சொல்லுங்க.

அந்தப் பெரிய பரீட்சை பேரு மத்துரித்தா, ஸ்கூல் படிப்பை முடிக்கிற பரீட்சை. எழுதுறதோட முடியாது, வாயாலயும் சொல்லணும். டாபிக் நம்பரைக் குலுக்கி எடுத்து, ஓரமா ஒரு மேசைல உக்காந்து கால் மணி நேரம் போல யோசிச்சுட்டு, வாத்தியாருங்க வரிசையா உக்காந்திருக்க அவங்க முன்னாடி கால் மணி நேரம் பேசணும். யோசிக்கிற அந்த இடத்துக்குப் புள்ளைங்க வெச்ச பேரே "வியர்க்கிற இடம்"தான். இலக்கியத்துக்கு 20 புத்தகம் அவங்களே லிஸ்ட் போட்டுக் குடுக்கணும், அதுல எது வரும்னு அன்னிக்குத்தான் தெரியும். ஓரலுக்கு முன்னாடி ஒரு வாரம் படிக்க லீவு, அதுக்குப் பேரு "புனித வாரம்"!

கவுன் விஷயத்துக்கு வர்றேன். குளிர்காலத்துல கடைசி வருஷ கிளாஸ் ஒவ்வொண்ணும் மண்டபம் பிடிச்சு டான்ஸ் விழா நடத்தும், அப்பா அம்மா தாத்தா பாட்டின்னு மொத்தக் குடும்பமும் வரும், டீச்சருங்க புள்ளைங்க தோள்ல பட்டையான ரிப்பன் மாட்டி விடுவாங்க. அப்புறம் புள்ளைங்க ஒரு பெரிய துணிய நாலு பக்கமும் பிடிச்சு நிப்பாங்க, சுத்தி இருக்குறவங்க சில்லறைய அதுல வீசுவாங்க, கல்யாண மொய்யேதான், என்ன கவர் இல்ல. கிளாஸ் மொத்தத்தோட ஃபோட்டோவும் போர்டு மாதிரி பண்ணி ஊர்க் கடைக் கண்ணாடில வெப்பாங்க, ஊரே நின்னு பாக்கும். கவுனை விட்டுருங்க, டான்ஸ் பாக்காத அத்தை நீங்க ஒருத்தர்தான்.

எழுத்துப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தப் பக்கம் போறதா இருந்தா மட்டும் நல்ல புடவை கட்டாதீங்க. "கடைசி மணி"னு ஒரு நாள் இருக்கு, கடைசி வருஷப் புள்ளைங்க வேஷம் போட்டுக்கிட்டு ரோட்டுக்கு வந்து போறவங்க கன்னத்துல லிப்ஸ்டிக் இழுப்பாங்க, வினிகர் அடிப்பாங்க, உண்டியல் நீட்டுவாங்க. சில்லறை போட்டா பொதுவா விட்டுருவாங்க.