வாசகர் கேள்விகள்: டெஃப் லெப்பர்டின் மெருகு குற்றமா?

எண்பதுகளின் ஹார்ட் ராக் குழுக்களில் ரெக்கார்டிங் ஸ்டூடியோவையே ஓர் இசைக்கருவியாக வாசித்த குழு பிரிட்டனின் டெஃப் லெப்பர்ட்தான் என்று சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோபமானவை. கோபத்திலும் நியாயம் இருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: 1987இல் வந்த 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தில் டிரம்ஸ் எந்திரத்துடையது, கிதார் ஒட்டுப்போட்டது, குரல் அடுக்கி வைத்தது. மனிதர்கள் ஒன்றாக நின்று வாசிக்காத இசையை ராக் என்று எப்படி அழைக்கிறீர்கள்?

பதில்: நீங்கள் சொல்லும் தகவல்கள் அனைத்தும் சரியானவை. அவற்றிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலிகள், முன்னரே பதிவுசெய்து வைத்த மாதிரிகளைக் கணினி இசைக்கருவியின் துணையோடு கோத்து உருவாக்கப்பட்டவை. கிதார்கள், மேடையில் ஆளுயரத்துக்கு அடுக்கி வைக்கப்படும் ஆம்ப்ளிஃபயர்களின் வழியாக அல்லாமல், பெரும்பாலும் ராக்மேன் என்ற மிகச் சிறிய கருவியின் வழியாகவே பதிவாயின. சில இடங்களில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்களை, ஒரே மீட்டலில் வாசிக்காமல், அதன் ஸ்வரங்களை ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே மீட்டிப் பதிவுசெய்து, பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கரகரப்பு ஏற்றிய கிதாரில் பல தந்திகளை ஒரே நேரத்தில் மீட்டினால் அவற்றின் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிவிடும். எளிய கார்டுகளுக்கு அந்தக் கலங்கல் அழகு சேர்க்கும், ஆனால் சற்றே சிக்கலான கார்டுகள் அதில் மூழ்கிப்போகும். தந்தி தந்தியாகப் பதிவுசெய்தால் கரகரப்பும் நிற்கும், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தும் கேட்கும். ஐந்து பேர் ஓர் அறையில் நின்று எவ்வளவு உயிரைக் கொடுத்து வாசித்தாலும் அந்த ஒலி பிறக்காது.

ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாடலை நல்ல ஹெட்போனில், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். தொடக்கத்தில் வரும் கிதார் இழைகளில் ஒன்று ஒரு வட்டத்தைப் போட, மற்றொன்று அது விட்ட இடைவெளியில் மட்டும் நுழைந்து வெளியேறுகிறது. இரண்டும் எங்கும் முட்டிக்கொள்வதில்லை. பல்லவி வந்ததும் பாடகர் ஜோ எலியட்டின் குரலுக்குப் பின்னால் ஒரு கூட்டமே பாடுவதுபோல் தோன்றும். சிலரின் குரல்களையே திரும்பத் திரும்பப் பதிவுசெய்து அடுக்கியதால் வந்த கூட்டம் அது. அந்தப் பல்லவியில் மென்மையும் இருக்கிறது, மலை நகர்வது போன்ற கனமும் இருக்கிறது. இந்தப் பாடலை முதலில் மலிவான ஒலிநாடாவில்தான் கேட்டேன். பல ஆண்டுகள் கழித்து நல்ல கருவியில் கேட்டபோது, அதுவரை என் காதில் விழாத இரண்டு கிதார் இழைகள் அதில் ஒளிந்திருந்தன. இவ்வளவு பொறுமையாகச் செய்த வேலையைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஒற்றைக் கையோடு டிரம்ஸ் வாசிக்கும் ரிக் ஆலனுக்காகத்தான் உலகம் அந்தக் குழுவைக் கொண்டாடியது, இசைக்காக அல்ல என்று என் நண்பர் வாதிடுகிறார். உங்கள் கருத்து?

பதில்: தங்கள் நண்பருக்கு முதலில் ஒரு தேதியை நினைவூட்டுங்கள். ஆலன் ஓட்டிச் சென்ற கார் ஷெஃபீல்டு நகருக்கு வெளியே விபத்துக்குள்ளானது 1984 டிசம்பர் 31 அன்று. அதற்கு முந்தைய ஆண்டே குழுவின் 'பைரோமேனியா' ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிவிட்டது. முதலிடத்தில் இருந்தது மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' என்பதால் அதற்கு மேல் ஏற வழி இல்லை. கொண்டாட்டம் விபத்துக்கு முன்பே தொடங்கியாயிற்று.

விபத்தில் துண்டான இடக் கையை மருத்துவர்கள் மீண்டும் பொருத்தினார்கள்; தொற்று ஏற்பட்டதால் அதை அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 21. வேறு டிரம்மரைத் தேடாமல் குழு காத்திருந்தது. இடக் கை அடித்துவந்த ஸ்நேர் என்ற சிறு டிரம் முதலியவற்றின் ஒலிகளைக் கால் மிதிகளால் எழுப்பும்படி ஒரு மின்னணு டிரம்ஸ் அவருக்காக அமைக்கப்பட்டது. வலக் கால் வழக்கம்போல் பேஸ் டிரம்மை மிதிக்கும். அதுவரை ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த இடக் கால், இழந்த கையின் வேலையையும் எடுத்துக்கொள்ளும். பதினைந்து வயதில் குழுவில் சேர்ந்ததிலிருந்து உடம்பில் ஊறிப்போன பழக்கத்தை அவிழ்த்து, அதே தாளங்களை வேறொரு உறுப்புக்குக் கற்றுக்கொடுப்பது என்ன பாடு என்பதைத் தாளக்கருவி பயின்ற எவரும் அறிவர்.

1986இல் அயர்லாந்தில் நடந்த முன்னோட்ட நிகழ்ச்சிகளுக்கு, ஸ்டேட்டஸ் க்வோ குழுவின் ஜெஃப் ரிச் இரண்டாவது டிரம்மராகத் துணைக்கு அமர்ந்தார். ஒரு நாள் அவர் வந்து சேரத் தாமதமாகவே, ஆலன் தனியாகவே வாசிக்கத் தொடங்கினார். அதன் பிறகு துணை தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்தின் டானிங்டன் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் அவர் தனியாகவே வாசித்தார். அன்றைய கைதட்டலில் பரிவும் கலந்திருந்தது என்பதை நான் மறுக்கவில்லை, அது இயல்பானது.

இசை என்று பார்த்தால் ஓர் இழப்பு இருக்கத்தான் செய்கிறது. 1981இல் வந்த 'ஹை அன்ட் ட்ரை' ஆல்பத்தில் பதினேழு வயதுப் பையனாக அவர் அள்ளி வீசிய விரைவான உருட்டல்கள் பின்னாளில் குறைந்துபோயின. ஆனால் அந்தக் குழுவின் பெரிய, நிதானமான, எந்திரச் சாயல் கொண்ட தாளம் விபத்தால் வந்தது என்ற பொதுவான நம்பிக்கை தவறு. 'பைரோமேனியா'விலேயே டிரம்ஸைக் கணினியில் கோத்து, சிம்பல் என்ற உலோகத் தட்டுகளை மட்டும் ஆலன் தனியாக வாசித்துச் சேர்த்திருந்தார். இரண்டு கைகளும் இருந்தபோதே குழு தேர்ந்தெடுத்த பாதை அது.

கேள்வி: எல்லாப் பெருமையும் தயாரிப்பாளர் மட் லாங்குக்கு அல்லவா போக வேண்டும்? அவர் இல்லாவிட்டால் இவர்கள் யார்?

பதில்: பாதிப் பெருமை போக வேண்டும், தயக்கமின்றித் தருகிறேன். 1979, 1980 ஆண்டுகளில் ஏசி/டிசி குழுவின் இரண்டு பெரும் ஆல்பங்களைத் தயாரித்துவிட்டு, 'ஹை அன்ட் ட்ரை'யில் இவர்களோடு சேர்ந்தவர் அவர். 'ஹிஸ்டீரியா'வின் எல்லாப் பாடல்களிலும் இயற்றியவர்களுள் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது. களைப்பினால் அவர் விலகியிருந்த காலத்தில் ஜிம் ஸ்டைன்மன் என்ற வேறொரு தயாரிப்பாளரை வைத்து வேலையைத் தொடங்கிப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. பிறகு தாங்களே முயன்றார்கள், அதுவும் கைகூடவில்லை. லாங் திரும்பி வந்த பிறகே ஆல்பம் உருப்பெற்றது.

மற்றப் பாதிக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஆல்பம் ஏறத்தாழ முடிந்துவிட்ட நிலையில், ஓய்வு நேரத்தில் எலியட் கையில் ஒரு சாதாரணக் கிதாரை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது லாங்கின் காதில் விழுந்தது. இதை விட்டுவிடக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடிக்க, 'போர் சம் ஷுகர் ஆன் மி' பிறந்தது. 1988இல் அமெரிக்காவில் ஆல்பத்தின் விற்பனையைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பாடல்தான். விதை பாடகருடையது, அது விதை என்று கண்டுகொண்டது தயாரிப்பாளரின் காது. பின்னாளில் லாங், பாடகர்கள் பிரையன் ஆடம்ஸுக்கும் ஷனாயா ட்வைனுக்கும் மாபெரும் ஆல்பங்களை உருவாக்கினார். அவற்றிலும் அடுக்குக் குரல்கள் உண்டு. டெஃப் லெப்பர்டின் கிதார் கலைஞர்கள் ஸ்டீவ் கிளார்க்கும் பில் காலனும் கிதார்களால் நடத்திய உரையாடலை மட்டும் அவற்றில் கேட்க முடியாது.

கேள்வி: பாடல் வரிகளைப் பற்றி வாய் திறக்க மறுக்கிறீர்களே?

பதில்: வரிகள் பலவீனமானவை. ஒலிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சொற்கள் அவை, பொருளுக்காக அல்ல. பெண்களைப் பற்றிய சில வரிகளை இன்று கேட்கச் சங்கடமாகவும் இருக்கிறது. போரைப் பற்றிய 'காட்ஸ் ஆஃப் வார்' மட்டும் விதிவிலக்கு. அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் இருவரின் பேச்சுத் துணுக்குகளும் அதில் இடம்பெற்றுள்ளன.

கேள்வி: பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலையில் பிறந்துவிட்டு, அமெரிக்கப் பணத்துக்காக அதைக் கைவிட்டவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஷெஃபீல்டின் இளைஞர்கள் 1979இல் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டபோது, அன்று பிரிட்டனில் கிளம்பிய கனமான ராக் குழுக்களின் அந்த அலையில் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அவர்களை வளர்த்தது எழுபதுகளின் கிளாம் ராக். பளபளப்பும், கூடிப் பாடும் பல்லவிகளும் அங்கிருந்தே வந்தவை. கிளாம் ராக்கோ பிரிட்டன் உலகுக்குக் கொடுத்தது. 'பைரோமேனியா' அமெரிக்காவில் இரண்டாம் இடம் பிடித்தபோது, சொந்த நாட்டில் பதினெட்டாம் இடத்தோடு நின்றது. 'ஹிஸ்டீரியா' விஷயத்தில் வரிசை தலைகீழானது. பிரிட்டனில் அது வெளியான உடனேயே முதலிடத்துக்கு வந்தது, அமெரிக்காவில் முதலிடம் பிடிக்க ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆயிற்று. கைவிடப்பட்டதாகச் சொல்லப்படும் நாடுதான் முதலில் கதவைத் திறந்தது.

கேள்வி: இவர்களை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: பலரும் 'ஹிஸ்டீரியா'வைச் சொல்வார்கள். முழு ஆல்பம் என்று பார்த்தால் என் முதல் தேர்வு 'பைரோமேனியா'. முரட்டுத்தனமும் மெருகும் ஒன்றையொன்று விழுங்காமல் சமமாக நிற்பது அதில் மட்டும்தான். 1992இன் 'அட்ரினலைஸ்' ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். கிளார்க் 1991 ஜனவரி 8 அன்று, முப்பது வயதில், மதுவோடு மருந்தும் கலந்ததால் லண்டனில் இறந்துபோனார். காலன் தனியாகவே அந்த ஆல்பத்தின் கிதார்களை வாசித்து முடித்தார். மெருகு அப்படியே இருக்கிறது, எதிர்பாராத திருப்பம் எதுவும் இல்லை. மெருகைக் குறை சொல்பவர்கள் இந்த ஆல்பத்தைக் காட்டினால் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னதாக, 'ஹை அன்ட் ட்ரை'யில் 'பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்' என்ற பாடலைக் கேளுங்கள். அது முடியும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இடைவெளியே இல்லாமல் அடுத்ததாகத் தொடங்கும் 'ஸ்விட்ச் 625' சொற்களே இல்லாத இசை; கிளார்க் இயற்றியது. அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.