பெரிய சுவருக்கு ஓவியம்: ‘ஒரிஜினல்’ என்பதை எப்படி நம்புவது?

கேள்வி: திருச்சியில் புதிதாகக் கட்டிய எங்கள் வீட்டுக் கூடத்தில், 14 அடி அகலமுள்ள சுவர் ஒன்று வெறுமையாக இருக்கிறது. அதையொட்டி 7 அடி நீள சோபா கிடக்கிறது. உள் அலங்காரம் செய்பவர் 6 அடிக்கு 4 அடி கான்வாஸ் ஒன்றைக் காட்டி, ‘ஒரிஜினல், சான்றிதழும் உண்டு’ என்று 1,80,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? அளவு சரியாக இருக்குமா?

பதில்: அளவைப் பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஓவியத்தின் அகலத்தைச் சுவரைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். கீழே கிடக்கும் சோபாவைக் கொண்டு முடிவு செய்யுங்கள். சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. உங்களுக்கு 5 அடிக்கு 3 அடி போதும். மிச்சச் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் அமைய வேண்டும். சாமி படம் மாட்டிய பழக்கத்தில் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நாம் மாட்டிவிடுகிறோம்.

உங்கள் கடிதத்தில் அளவு இருக்கிறது, விலை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. வரைந்தவரின் பெயர் மட்டும் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நேற்று வரைந்த ஓவியம் அசல்தான் என்று முத்திரையிட்டுத் தர நம் நாட்டில் அரசு அமைப்பு எதுவும் இல்லை. தங்க நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கியவர்கள், ஓவியம் வாங்குபவரைப் பற்றி ஏன் இத்தனை ஆண்டுகளாக நினைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கவேயில்லை. பொன்னிற முத்திரை பதித்த தாளை எவரும் அச்சடித்துக் கொடுத்துவிடலாம். அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கான்வாஸ் துணியில் படத்தை இயந்திரத்தால் அச்சிட்டு, அதன்மேல் நிறமற்ற ஜெல்லைத் தூரிகையால் பூசி மேடுபள்ளம் உண்டாக்குவது இந்த வியாபாரத்தில் வழக்கமான உத்தி. தடவிப் பார்த்தால் கைவேலை போலவே இருக்கும். ஆகவே அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். கையால் வரைந்ததில் தூரிகைத் தடமும் நிறமும் சேர்ந்தே ஓடும். ஈரமான சிவப்பிலிருந்து நீலத்துக்குள் இழுத்த தீற்றல் சிவப்பைச் சிறிது சுமந்துகொண்டு போகும். என்னிடம் பழுதுபார்க்க வந்த ஒரு கான்வாஸில் புடவைக் கரையின் குறுக்கே தடித்த தடம் ஒன்று ஓடியது. கரையின் சிவப்போ இம்மியும் கலையாமல் நின்றது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்சை வைத்தபோது, அந்தச் சிவப்பு பொடிப்பொடியான நிறப் புள்ளிகளாகப் பிரிந்தது. அதைக் கொண்டுவந்த குடும்பத்தினர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே ஒன்றை விளக்காமல் விட்டால் நேர்மையான கலைஞர்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். அச்சு என்றாலே போலி என்று பொருளல்ல. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் ஓவியரே கோடு கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுக்கும் எட்சிங்கும், கல்லில் வரைந்து எடுக்கும் லித்தோகிராப்பும், மரச்செதுக்கு அச்சும் அசல் படைப்புகளே. இவற்றுக்கு மூலமாக வேறோர் ஓவியம் கிடையாது. அந்த அச்சுதான் படைப்பு. கீழே பென்சிலில் 7/25 என்று எழுதியிருந்தால், இருபத்தைந்து படிகளில் அது ஏழாவது. எட்சிங்கில் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளத்தைக் காகிதத்தில் காணலாம். ஆனால் ஏற்கெனவே வரைந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து, அச்சிட்டு, எண்ணும் போட்டு ‘லிமிடெட் எடிஷன்’ என்று விற்பது வெறும் பிரதி. பிரதி என்று சொல்லிப் பிரதியின் விலைக்குக் கொடுத்தால் குற்றமில்லை. எண் இருப்பதால் மட்டும் அது அசலாகிவிடாது.

விலையைப் பாருங்கள். நம் ஓவியர்களில் பலர் சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். உங்களுக்குக் காட்டிய கான்வாஸ் 3,456 சதுர அங்குலம். அப்படியானால் அங்குலத்துக்கு 52 ரூபாய். வரைந்தவரை நேரில் கேட்டால்தான் அதில் அவருக்குப் போவது எவ்வளவு, நடுவில் நிற்பவருக்குப் போவது எவ்வளவு என்பது தெரியும். தேடுவதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னை சென்றால், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலக் கலைஞர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. கவின் கலைக் கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைப்பது பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

வாங்கும்போது ஓவியரின் பெயர், தலைப்பு, அளவு, ஆண்டு, எந்த வண்ணம், எதன்மீது வரைந்தது ஆகிய அனைத்தையும் ரசீதில் எழுதி, ஓவியரின் கையொப்பத்தோடு வாங்குங்கள். ஓவியத்தைக் கையில் பிடித்தபடி அவரோடு ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் சுவரையும் சோதியுங்கள். புதுக்கட்டடப் பூச்சில் ஈரம் நெடுநாள் தங்கும். இரண்டடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். உட்புறம் நீர் முத்துகள் கோத்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ, இந்த மழைக்காலம் முடியும்வரை அங்கே எதையும் மாட்டாதீர்கள்.