விற்காத மிக்ஸ்டேப்பில் பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: இளம் ராப்பர் ஒருவர் தன் முதல் மிக்ஸ்டேப்பை இலவசமாக வெளியிடுகிறார். கொஞ்ச நாளில் அதை ‘வணிக வெற்றி’ என்கிறார்கள். விற்காத ஒன்றில் எப்படி ஐயா பணம் வரும்?

டேப்பிலிருந்து வராது. அதைக் கேட்டுப் பைத்தியமானவர்களிடமிருந்து வரும். மேடை டிக்கெட், டி-ஷர்ட், தொப்பி, விளம்பரம் என்று பல வாசல் வழியாக வரும். சில சமயம் வருவதற்கு நான்கைந்து வருடம் ஆகும்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆள் சிகாகோவின் சான்ஸ் தி ராப்பர். கனடா ராப்பர் ட்ரேக்கையும் சொல்லலாம்தான். ஆனால் அவர் 2009 பிப்ரவரியில் ‘சோ ஃபார் கான்’ டேப்பை இலவசமாக விட்டு, ஜூனுக்குள் லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனத்தில்) கையெழுத்துப் போட்டு, அந்த ஆண்டே அதன் பாடல்கள் சிலவற்றை இ.பி.யாக, அதாவது சிறு ஆல்பமாக, விற்கவும் தொடங்கிவிட்டார். அவருக்கு இலவசம் என்பது வாசல்படி, அவ்வளவுதான். சான்ஸ் 2012 முதல் 2019 வரை தன் பெயரில் ஒரு ஆல்பத்தைக்கூட விலைக்கு விடவில்லை. அதனால் பணம் எந்த வழியாக வந்தது என்று அவர் கதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் மிக்ஸ்டேப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து 90 நிமிட கேசட்டில் பதிவு செய்து வாங்குவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் அமெரிக்காவிலும் தொடங்கியது. நியூயார்க்கில் டீஜேக்கள் தாங்கள் கலந்த பாட்டுகளைக் கேசட்டில் போட்டுக் கை மாற்றினார்கள். பிறகு ராப்பர்கள் அடுத்தவர் இசை மேல் தங்கள் வரிகளைப் பாடி, அதை சிடியாகத் தெருவில் விற்றார்கள். யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை. லேபிள்கள் ஒரு பக்கம் கண்டுகொள்ளாமல் இருக்கும், இன்னொரு பக்கம் தங்கள் பாடகர்களின் விளம்பரத்துக்கு இதே டேப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும். 2007 ஜனவரியில் அட்லாண்டாவில் டீஜே டிராமாவின் ஸ்டூடியோவில் போலீஸ் புகுந்து பல்லாயிரக்கணக்கான சிடிக்களை அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு சிடியை விட்டுவிட்டு இணையத்துக்கு மாறும் வேகம் கூடியது. டாட்பிஃப் போன்ற இலவச மிக்ஸ்டேப் தளங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நானும் அந்தத் தளத்தில் மணிக்கணக்காகக் கிடந்தவன். ஜிப் ஃபைல் இறங்கி முடியும்வரை அட்டைப்படத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் இறக்கினார்கள் என்று பக்கத்திலேயே எண் ஓடும். எங்களுக்கு அதுதான் சார்ட், அதாவது தரவரிசைப் பட்டியல்.

சரி, சான்ஸுக்கு வருவோம். 2011-இல் பள்ளி இறுதி ஆண்டில் கஞ்சாவோடு பிடிபட்டுப் பத்து நாள் சஸ்பெண்ட் ஆனார். அந்தப் பத்து நாளில் எழுதத் தொடங்கியதுதான் முதல் டேப். பெயரே ‘10 டே’. வெளியானது 2012 ஏப்ரல் 3. பையனுக்கு 19 வயதுகூட நிறையவில்லை.

எல்லோரும் சொல்லும் கதை அந்த சஸ்பென்ஷன்தான். என்னைக் கேட்டால் முக்கியமான இடம் பள்ளி இல்லை, நூலகம். சிகாகோ நகர மையத்தில் உள்ள ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் ‘யூமீடியா’ என்று பதின்பருவத்தினருக்காகவே ஒரு தளம் 2009-இல் திறந்தார்கள். கம்ப்யூட்டர், மைக், ரெக்கார்டிங் வசதி எல்லாம் இலவசம். மாலையில் ஓப்பன் மைக் நடக்கும், யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம், கவிதை வாசிக்கலாம். சான்ஸ் அங்கேதான் பழகினார். நோநேம், விக் மென்சா போன்ற ராப்பர்களும் அதே அறையில் உருவானவர்கள்தான். ஸ்டூடியோவுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்க முடியாத பையன்களுக்கு நூலகத்திலேயே ஒரு ஸ்டூடியோ கிடைத்தது என்றால் அது சாதாரண விஷயமா? இலவசமாக டேப் விட முடிந்ததற்கு, அதை உருவாக்கும் செலவும் பெரிதாக இல்லை என்பது ஒரு காரணம். (அந்த நூலகத்துக்குப் பெயர் கொடுத்த மேயரிடம்தான் சான்ஸின் அப்பா ஒரு காலத்தில் வேலை பார்த்தார், பிறகு ஒபாமாவிடமும். ‘ஒன்றுமில்லாமல் தெருவிலிருந்து வந்தவர்’ என்ற கதையை அப்படியே நம்பிவிட முடியாது.)

‘10 டே’ எந்தச் சார்ட்டையும் கலக்கவில்லை. அது கொண்டுவந்தது ஒரு அழைப்பு. சைல்டிஷ் காம்பினோ, அதாவது நடிகர் டொனால்ட் குளோவர், டேப்பைக் கேட்டுவிட்டுத் தன் சுற்றுப்பயணத்தில் தொடக்கப் பாடகராக அழைத்துக்கொண்டு போனார். ஊர் ஊராக அடுத்தவர் ரசிகர்கள் முன்னால் நின்று பாடும் வாய்ப்பு. மேடையில் அரை மணி நேரம் நன்றாகப் பாடினால் கூட்டம் வீட்டுக்குப் போனதும் பெயரைத் தேடும். தேடினால் பாட்டு இலவசமாகக் கிடைக்கும். அடுத்த வருடம் அதே ஊருக்குத் தனியாக வந்தால் அவர்களே டிக்கெட் வாங்குவார்கள். முதல் டேப்பின் வணிக வெற்றி என்றால் இந்த ஓட்டம்தான், ஆனால் இதை எந்தச் சார்ட்டும் எண்ணாது.

2013 ஏப்ரல் 30-இல் இரண்டாவது டேப் ‘ஆசிட் ராப்’ வந்தது. அதுவும் இலவசம்தான். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சான்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ அந்தப் பாடல்களை ஐட்யூன்ஸிலும் அமேசானிலும் ஏற்றி விலை வைத்து விற்றிருக்கிறார்கள். இலவசம் என்று தெரியாமலோ, தெரிந்தும் வசதிக்காகவோ மக்கள் வாங்கியிருக்கிறார்கள். அந்தத் திருட்டு விற்பனையே டேப்பை, அமெரிக்காவின் இசைத் தரவரிசை இதழான பில்போர்டின் ஆர் அண்ட் பி, ஹிப்ஹாப் ஆல்பங்கள் பட்டியலில் 63-ஆம் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது! இலவசமாக இறக்கிய லட்சக்கணக்கானவர்கள் பில்போர்டின் கண்ணில் படவில்லை. திருடனிடம் வாங்கியவர்கள் பட்டார்கள். பாடியவர் கைக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை, ஆனால் காகிதத்தில் ‘வணிக வெற்றி’.

மூன்றாவது டேப் ‘கலரிங் புக்’, 2016 மே. அதற்குள் பில்போர்டு தன் கணக்கை மாற்றியிருந்தது. 1,500 ஸ்ட்ரீம் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று 2014 இறுதியில் விதி வந்தது. முதல் வாரத்தில் அந்த டேப் 5.73 கோடி ஸ்ட்ரீம் வாங்கியது. 1,500-ஆல் வகுத்துப் பாருங்கள், 38,000 சொச்சம் வரும். ஒரு பிரதிகூட விற்காமல், ஸ்ட்ரீமிங்கை மட்டும் வைத்து பில்போர்டு 200 என்ற முக்கிய ஆல்பம் பட்டியலில் நுழைந்த முதல் ஆல்பம் அதுதான். 8-ஆம் இடம். கிராமி அமைப்பும் அந்த ஆண்டு ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வரும் இசையைப் போட்டிக்கு ஏற்றுக்கொள்ள விதியைத் திருத்தியது. 2017-இல் சான்ஸ் மூன்று கிராமியோடு வீட்டுக்குப் போனார்.

‘லேபிளே இல்லாமல் சாதித்தார்’ என்று இதை வைத்துத்தான் பலரும் கொண்டாடினார்கள். உண்மைதான். ஆனால் 2017 மார்ச்சில் அவரே ட்விட்டரில் போட்டு உடைத்தார்: முதல் இரண்டு வாரம் டேப் தன் தளத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்பதற்காக ஆப்பிள் 5 லட்சம் டாலரும் ஒரு விளம்பரப் படமும் கொடுத்திருக்கிறது. எனக்கு இதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. லேபிள் கொடுக்கும் முன்பணம் என்பது கடன் மாதிரி, ராயல்டியிலிருந்து கழித்துக்கொள்வார்கள், மாஸ்டர் உரிமையும், அதாவது மூலப் பதிவின் உரிமையும், பெரும்பாலும் அவர்களிடம் போய்விடும். ஆப்பிளிடம் வாங்கியது இரண்டு வார வாடகை. மூன்றாவது வாரம் பாட்டு மற்ற தளங்களுக்கும் போனது, உரிமை சான்ஸிடமே இருந்தது. பணம் கொடுத்தது ரசிகர் இல்லை, ஆப்பிள். அதோடு அந்தக் காலத்தில் அவர் தலையில் எப்போதும் இருந்த ‘3’ என்று எண் போட்ட தொப்பி வேறு இணையதளத்தில் சக்கைப்போடு போட்டது. 2016 செப்டம்பரில் சிகாகோவின் பேஸ்பால் மைதானத்தில் சொந்தமாக ஒரு இசை விழா நடத்தி 40,000-க்கும் மேல் கூட்டம் கூட்டினார்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸின் நிப்ஸி ஹசல் 2013-இல் ‘கிரென்ஷா’ மிக்ஸ்டேப்பை இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டு, அதன் சிடியை ஆயிரம் பிரதி மட்டும் போட்டு ஒன்றுக்கு 100 டாலர் விலை வைத்தார். பிரபல ராப்பர் ஜே-ஸீ மட்டும் 100 பிரதி வாங்கினார். இலவசமாகக் கேட்ட கூட்டத்துக்குள் நூறு டாலர் கொடுக்கத் தயாராக ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தொழில் மூளை என்றால் எனக்கு இவர்தான் ஒரு படி மேலே.

இலவசம் என்றால் சாம்பிளுக்கு (அடுத்தவர் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளும் துண்டுக்கு) அனுமதி வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை நம் பையன்களிடமும் இருக்கிறது. தப்பு. ராப்பர் மேக் மில்லர் இலவச டேப்பில் பழைய பீட் (பின்னணி இசை) ஒன்றைப் பயன்படுத்தியதற்கு அதை உருவாக்கிய லார்ட் ஃபினஸ் 2012-இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ‘10 டே’ பாட்டு ஒன்றில் வேறொருவரின் பழைய பதிவை எடுத்தாண்டதாக சான்ஸ் மேலும் 2017-இல் ஒரு வழக்கு வந்தது, டேப் வெளிவந்து ஐந்து வருடம் கழித்து! 2019-இல் பழைய டேப்புகளை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றியபோது ‘ஆசிட் ராப்’பில் ‘ஜூஸ்’ என்ற பாட்டின் சாம்பிளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த இடத்தில் அப்போது சான்ஸ் பேசும் 30 விநாடி ஒலித்துண்டை வைத்தார்கள், அதில் வரும் பணம் அவருடைய தொண்டு நிறுவனத்துக்குப் போகும் என்ற அறிவிப்போடு. 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீமாக எண்ணப்படும் என்பதைக் கவனியுங்கள்.

அப்படி ஏறியதும் ஆறு வருடப் பழைய ‘ஆசிட் ராப்’ பில்போர்டு 200-இல் 5-ஆம் இடத்துக்குப் போனது. அடுத்த மாதமே, முதன்முதலாக விலைக்கு விட்ட ‘தி பிக் டே’ ஆல்பம் 2-ஆம் இடத்தில் நுழைந்தது. எண்ணிக்கையில் அதுதான் பெரியது. ஆனால் ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள், சுற்றுப்பயணம் ரத்தானது, மறுவருடம் மேனேஜரோடு கமிஷன் பங்கு தொடர்பாக வழக்கு. முழுக்க விலை வைத்ததுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆல்பமே இழுவைதான்.

இன்று ‘மிக்ஸ்டேப்’ என்பது வெறும் பெயர். லண்டனின் சென்ட்ரல் சீ 2021 மார்ச்சில் தன் முதல் மிக்ஸ்டேப் ‘வைல்ட் வெஸ்ட்’டைக் காசுக்குத்தான் விட்டார், பிரிட்டன் ஆல்பம் சார்ட்டில் 2-ஆம் இடம். டாட்பிஃப் காலத்து இலவசத்துக்கு இப்போது வேலையும் இல்லை, ஸ்ட்ரீமிங்கில் எல்லாமே கேட்பவருக்கு இலவசம் போலத்தான். ஆகவே இனி ஒரு ராப்பரின் முதல் டேப் ‘வணிக வெற்றி’ என்று எங்காவது படித்தால், சார்ட் எண்ணை விட்டுவிட்டு மூன்றைத் தேடுங்கள்: மாஸ்டர் யார் பெயரில் இருக்கிறது, சாம்பிள்களுக்கு அனுமதி வாங்கியாயிற்றா, அடுத்த சுற்றுப்பயணத்தில் அவர் தனியாக நிரப்பும் அரங்கம் எவ்வளவு பெரியது.