அறுகோணம் யாருடையது?

கேள்வி: எங்கள் வீட்டில் சஷ்டிதோறும் ஷட்கோணக் கோலமிட்டு, மூலைக்கு ஓர் எழுத்தாகச் ‘சரவணபவ’ என்று எழுதி, ஆறு அகல் ஏற்றுவோம். இஸ்ரேல் கொடியிலும் அதே வடிவம் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வந்தது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சொல்கிறது; இங்கிருந்துதான் அங்கே போயிற்று என்று இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டையுமே நம்ப வேண்டாம். வட்டம் ஒன்று போட்டு, கவராயத்தின் விரிவை மாற்றாமல் அதன் விளிம்பிலேயே அடியெடுத்து வைத்துக்கொண்டு போனால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்த்தால் இந்த நட்சத்திரம் வந்துவிடும். கல்தச்சர்களுக்கும் கோலமிடும் பெண்களுக்கும் இதை வேற்றூரார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. டெல்லியில் ஹுமாயூன் கல்லறையின் முகப்பில்கூட இது பதிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டுவித்தவர்கள் யூதரும் அல்லர், முருகனடியாரும் அல்லர். மேல்நோக்கிய முக்கோணத்தைச் சிவமாகவும் கீழ்நோக்கியதைச் சக்தியாகவும் கண்டு, இரண்டும் கூடிய இடத்தில் ஆறுமுகனை வைத்து வணங்குவது நம் ஆகமத் தாந்திரிக மரபு கொடுத்த பொருள். யூதர்கள் கொடுத்த பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

யூதர்களிடையேகூட இது தொடக்கத்தில் சமயச் சின்னமாக இருக்கவில்லை. கலிலேயாக் கடலோரத்துக் கப்பர்நகூமில் உள்ள பழைய ஜெபக்கூடத்தின் சிற்பவேலையில், ஐங்கோண நட்சத்திரம், ஸ்வஸ்திகம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், வெறும் அலங்காரமாகவே அறுகோணம் செதுக்கப்பட்டிருக்கிறது. (பிற்காலத்தில் நாஜிகளின் குறியாக எதிரே நிற்கப்போகும் ஸ்வஸ்திகமும் அறுகோணமும் அன்று ஒரே கல்வரிசையில் இருந்தன.) 1008-ல் கெய்ரோவில் எழுதி முடிக்கப்பட்ட எபிரேய வேதச் சுவடியின் சித்திரப் பக்கத்திலும் இது உண்டு. இடைக்காலத்தில் யூதர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் என எல்லாருடைய மந்திரத் தகடுகளிலும் பேயோட்டும் குறியாக இது வரையப்பட்டது. ‘சாலமோனின் முத்திரை’ என்ற பெயரும் ‘தாவீதின் கேடயம்’ என்ற பெயரும் ஐங்கோணத்துக்கும் அறுகோணத்துக்கும் மாறிமாறி வழங்கின.

இதை ஒரு சமூகத்தின் அடையாளமாக்கிய ஊர், இன்றைய செக் நாட்டுத் தலைநகரான பிராகு. 14-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு மன்னர் நான்காம் சார்லஸ் அங்குள்ள யூதர்களுக்குத் தனிக்கொடி பிடிக்கும் உரிமை தந்தார். அந்தக் கொடியில் அறுகோணம் இடம்பெற்றது. வியன்னாவில் 1656-ல் நட்ட எல்லைக்கல்லைப் பார்த்தால் அடுத்த கட்டம் விளங்கும்: கிறிஸ்தவர் குடியிருப்பையும் யூதர் குடியிருப்பையும் பிரித்த அந்தக் கல்லில் சிலுவையும் அறுகோணமும் பொறிக்கப்பட்டிருந்தன. சிலுவைக்கு எதிரே வைக்க ஒரு குறி வேண்டியிருந்தது, இது கைக்கு அகப்பட்டது என்றே நான் கருதுகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூதர்கள் குடியுரிமை பெற்றுப் பெரிய ஜெபக்கூடங்களைக் கட்டியபோது, தேவாலயத்தின் உச்சியில் சிலுவை நிற்பதுபோலத் தங்கள் கூடத்தின் உச்சியில் இதை நிறுத்தினார்கள்.

கேள்வி: நாஜிகள் இழிவுக்குறியாக அணியவைத்த நட்சத்திரத்தையே இஸ்ரேல் ஏன் கொடியில் வைத்துக்கொண்டது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வரிசை நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. 1897-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடிய முதல் சியோனிச மாநாட்டின் காலத்திலேயே, யூதர்களுக்குத் தனித் தாயகம் வேண்டிய அந்த இயக்கம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. இடைக்கால ஐரோப்பாவில் யூதர்கள் அணியவேண்டியிருந்த துணிக்குறி பல இடங்களில் வெறும் மஞ்சள் வட்டம்தான். யூதர்களே தங்கள் கோபுரங்களிலும் கொடிகளிலும் ஏற்றி ஊரறியச் செய்த பிறகே, பார்த்த உடனே ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறியாக நட்சத்திரம் நாஜிகளுக்குப் பயன்பட்டது. 1939 நவம்பரில், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் வெள்ளைக் கைப்பட்டையில் நீல நட்சத்திரம் அணிய ஆணையிட்டார்கள். 1941 செப்டம்பரில் ஜெர்மனியில் ஆறு வயது நிரம்பிய குழந்தைமுதல் எல்லா யூதர்களும் உள்ளங்கையளவு மஞ்சள் நட்சத்திரத்தை இடப்பக்க மார்பில் தைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் நடுவில் ‘யூதன்’ என்ற ஜெர்மன் சொல், எபிரேய எழுத்தைக் கேலிசெய்யும் வடிவில் அச்சிடப்பட்டிருந்தது. 1948 அக்டோபர் 28-ல் இஸ்ரேல் தன் கொடியை முறையாக ஏற்றபோது எடுத்துக்கொண்டது பழைய சியோனிசக் கொடியைத்தான். ஆயினும், இடையில் நடந்ததை மறந்துவிட்டு அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பது அதன்பின் எவருக்கும் இயலாமல் போயிற்று.

அரசு முத்திரையில் மட்டும் அறுகோணம் இல்லை. 1949-ல் ஏற்ற அந்த முத்திரையில் இருப்பது, ரோமர்கள் எருசலேம் ஆலயத்தில் கொள்ளையடித்த பொருளாக, ரோமாபுரியின் டைட்டஸ் வளைவு என்னும் வெற்றி வளைவில் செதுக்கப்பட்டிருக்கும் ஏழு கிளை விளக்கு. யூதர்களின் உண்மையான பழஞ்சின்னம் அதுவே. யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் அதைச் செய்யும் முறை விரிவாக வருகிறது. தமிழ் விவிலியத்தில் அதைக் ‘குத்துவிளக்கு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்.