கறுப்பாக்கிய டெயில் லைட்: பல்பை மாற்றினால் சோதனையில் தேறுமா?

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் இரண்டு டெயில் லைட்டையும் கறுப்பாக்கி வைத்திருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாகனச் சோதனையில் 'பின்விளக்கு மங்கல்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிக வெளிச்சம் தரும் எல்.இ.டி. பல்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா, இல்லை விளக்கையே மாற்ற வேண்டுமா?

பதில்: பல்பில் கை வைக்க வேண்டாம். மங்கலுக்குக் காரணம் பல்பு இல்லை, லென்ஸ் மேல் இருக்கும் கறுப்பு. அதை எடுத்துவிட்டால் அநேகமாக விளக்கை மாற்றும் செலவும் வராது.

டெயில் லைட்டில் பல்பு, அதற்குப் பின்னால் உள்ள பளபளப்பான கிண்ணம், முன்னால் உள்ள லென்ஸ் மூன்றையும் சேர்த்து அளந்துதான் ஒப்புதல் கொடுக்கிறார்கள். ஐ.நா. வாகன விதிகளின்படி ஒரு பிரேக் லைட் நேர் பின்னால் குறைந்தது 60 கேண்டெலா (ஒரு திசையில் செல்லும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) தர வேண்டும். இரவில் எரிந்துகொண்டே இருக்கும் சிவப்பு விளக்குக்கு 4 கேண்டெலா போதும். பாதி வெளிச்சத்தை விழுங்கும் ஃபிலிமை ஒட்டினால் அந்த 60 என்பது 30 ஆகிவிடும். இரவில் இந்தக் குறை தெரியவே தெரியாது. உச்சி வெயில் லென்ஸ் மேலேயே விழும்போதுதான் சிக்கல்: நீங்கள் பிரேக் மிதித்தது பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போகலாம். 'ராத்திரி பார்த்தேன், நல்லா எரியுது' என்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பல்பால் தீரவே தீராத இன்னொரு விஷயம், ரிஃப்ளெக்டர். பல கார்களில் டெயில் லைட்டுக்குள்ளேயே தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். அதற்குப் பல்பு கிடையாது. பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. வெளிச்சம் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று ஃபிலிமை இரண்டு முறை கடக்கிறது. பாதி வெளிச்சத்தை விடும் ஃபிலிம் என்றால் மிஞ்சுவது கால் பங்கு. 30 சதவீதம்தான் விடும் என்றால் நூற்றுக்கு வெறும் 9. பேட்டரி செத்து, விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் காரைக் காட்டிக்கொடுக்க இந்தப் பட்டையை விட்டால் வேறு எதுவும் இல்லை.

எல்.இ.டி. யோசனைக்கு வருவோம். உங்கள் விளக்கின் கிண்ணம் இழை பல்புக்காக வடிவமைத்தது. எல்.இ.டி.யில் வெளிச்சம் புறப்படும் இடமும் திசையும் வேறு என்பதால் ஒரு பக்கம் கூசும், இன்னொரு பக்கம் இருண்டு கிடக்கும். இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும், டேஷ்போர்டில் 'பல்பு போச்சு' எச்சரிக்கை வரும். பல்பு வகையை மாற்றியதற்காகவே தள்ளிவிடும் இடங்களும் உண்டு. சரி, அதிக வாட் பல்பு? சூட்டில் ஹோல்டர் உருகும். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

முதலில் அந்தக் கறுப்பு ஃபிலிமா, ஸ்ப்ரேயா என்று பாருங்கள். டிக்கிக்குள் இருக்கும் நட்டுகளைக் கழற்றி விளக்கை வெளியே எடுத்தால், பாடிக்குள் ஒளிந்திருந்த விளிம்பில் விஷயம் தெரிந்துவிடும். நகத்தால் நெருடினால் ஃபிலிமின் ஓரம் தட்டுப்படும். ஸ்ப்ரே என்றால் ரப்பர் மேலும் இடுக்குகளிலும் பொடிப்பொடியாகத் தெறித்திருக்கும்.

ஃபிலிம் என்றால் சுலபம். ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து நிதானமாக உரியுங்கள். மிஞ்சும் பசையைத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னரும் அசிட்டோனும் பக்கத்திலேயே வரக்கூடாது. டெயில் லைட் லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக். அவை பட்டால் முடி முடியாக விரிசல் விழும், அதை எந்தப் பாலிஷாலும் மீட்க முடியாது.

ஸ்ப்ரே என்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தொடங்கி 1500, 2000 என்று போங்கள். தண்ணீர் நிறைய விட்டு, அழுத்தாமல் தேயுங்கள். கறுப்பாக ஓடும் தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். சிவப்பு லென்ஸில் அது இளஞ்சிவப்பாக மாறினால் கறுப்பு போய் லென்ஸே தேய்கிறது என்று அர்த்தம், அங்கே நிறுத்திவிடுங்கள். லென்ஸ் இப்போது பால் பூத்தது போல் இருக்கும், பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் பாலிஷ் போட்டால் பழைய பளபளப்பு வந்துவிடும்.

விரிசல் ஏற்கெனவே விழுந்திருந்தால் மட்டும் விளக்கை மாற்றுங்கள். கறுப்புத் தோற்றம் பிடித்திருக்கிறது என்றால், தொழிற்சாலையிலேயே புகைநிற லென்ஸோடு அளந்து ஒப்புதல் வாங்கிய விளக்குகளும் கிடைக்கின்றன. லென்ஸில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் எண்ணும், அல்லது உங்கள் நாடு ஏற்கும் வேறு முத்திரையும் வார்த்திருக்க வேண்டும். ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள். உள்ளே ரிஃப்ளெக்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், மலிவு விளக்குகளில் முதலில் காணாமல் போவது அதுதான்.

மாட்டும்போது ரப்பர் வாஷர் சரியாக உட்காரட்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் டிக்கி குளமாகிவிடும். அப்புறம் நண்பகல் வெயிலில் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, 30 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வில் நடந்தும் பாருங்கள். பிரேக் லைட் அங்கிருந்தும் தெரிய வேண்டும். பின்கண்ணாடிக்கு உள்ளே மூன்றாவது பிரேக் லைட் இருந்தால், முன்னவர் அந்தக் கண்ணாடிக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறாரா என்று கவனியுங்கள். ஒட்டியிருந்தால் மறுசோதனைக்குப் போகும் முன் அதையும் உரித்துவிடுங்கள்.