சந்தேகத்துக்கு சயின்ஸ் சர்டிஃபிகேட் கிடைக்குமா?

கேள்வி: மனைவி வேறொருவனோடு உறவு வைத்தால் ஆண் தாங்கமாட்டான். கணவன் வேறொருத்தியிடம் போனாலும் அவன் மனசு தன்னிடம் இருக்கிறவரை பெண் பொறுத்துக்கொள்வாள். இது பரிணாமத்தில் வந்த குணம், அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் பஸ் நிரூபித்துவிட்டார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியானால் கணவன் மனைவியின் செல்போனை எடுத்துப் பார்ப்பதும், குழந்தைக்கு டி.என்.ஏ. டெஸ்ட் கேட்பதும் இயற்கைதானே? நீங்கள் ஏன் அதைப் பெரிய குற்றம்போல் எழுதுகிறீர்கள்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்

பதில்: பஸ் சொன்னதில் பாதியைக் காணொளிக்காரர் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதி அவருடைய சொந்தத் தயாரிப்பு. ‘பெண் பொறுத்துக்கொள்வாள்’ என்பது அந்தச் சொந்தத் தயாரிப்பில் வருகிறது.

1992-இல் பஸ்ஸும் மூன்று சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் 202 கல்லூரி மாணவ மாணவியரிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். நீங்கள் தீவிரமாகக் காதலிப்பவருக்கு இன்னொருவர் மேல் நாட்டம் வந்துவிட்டதாகத் தெரியவருகிறது. எது உங்களை அதிகம் வாட்டும்: அவர் அந்த ஆளோடு மனம் ஒன்றிப்போவதா, உடலுறவு கொள்வதா? இரண்டில் ஒன்றுக்குத்தான் டிக் அடிக்கலாம். ஆண்களில் 60 சதவீதம் பேர் உடலுறவு என்றார்கள். பெண்களில் 83 சதவீதம் பேர் மனம் ஒன்றிப்போவது என்றார்கள். முப்பது வருஷமாகப் பாடப்புத்தகங்களில் சுற்றிவரும் வித்தியாசம் இதுதான்.

இதே எண்களை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். உடல் துரோகம் வலிக்காது என்று எந்தப் பெண்ணும் சொல்லவில்லை, யாரும் அவளிடம் அதைக் கேட்கவும் இல்லை. இரண்டு அடியில் எது பெரிய அடி என்றுதான் கேட்டார்கள். ஆணா பெண்ணா, யாருக்குப் பொறாமை அதிகம் என்ற கேள்வியும் அந்தத் தாளில் கிடையாது. அதோடு ஆண்களிலேயே 100-க்கு 40 பேர் ‘மனசு போவதுதான் வலி’ என்று டிக் அடித்திருக்கிறார்கள். உங்கள் காணொளியில் அந்த 40 பேரும் காணாமல் போய்விட்டார்கள்.

பஸ் குழுவினர் இதற்குச் சொன்ன காரணம் சுருக்கமானது. கருத்தரிப்பு பெண்ணின் உடலுக்குள் நடக்கிறது. குழந்தை தன்னுடையது என்பதில் தாய்க்குச் சந்தேகமே கிடையாது, தகப்பனுக்கு அந்த உறுதி இல்லை. இன்னொருவன் பிள்ளைக்கு வருஷக்கணக்கில் பாடுபட்டுச் சோறு போடுவது பரிணாமக் கணக்கில் பெருநஷ்டம். ஆகவே ஆணின் மனம் உடல் துரோகத்தில் கூடுதல் உஷாராக வார்க்கப்பட்டிருக்கும் என்றார்கள். பெற்றோர் பிள்ளைக்குப் போடும் முதலீடு பற்றி ராபர்ட் டிரிவர்ஸ் 1972-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். ஆனால் அதே கணக்கில் பெண்ணுக்கும் ஒரு நஷ்டப் பத்தி உண்டு. அவன் மனசு இடம் மாறினால் அவன் உழைப்பும் பாதுகாப்பும் சேர்ந்தே இடம் மாறும். எனவே அவளும் உஷாராக இருப்பாள், வேறு அறிகுறியைப் பார்த்து உஷாராவாள். கோட்பாடு அவளுக்கும் பொறாமையைத்தான் கொடுக்கிறது. பொறுமையைக் கொடுத்தது காணொளிக்காரர்.

இனி அந்த டிக் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். ‘மனசு போய்விட்டதா, உடல் போய்விட்டதா’ என்பதை இரண்டு தனித்தனி சமாச்சாரமாகக் கேட்டிருக்கிறார்கள். வாழ்க்கையில் அவை தனித்தனியாக வருவதில்லை. 1996-இல் டேவிட் டெஸ்டெனோ, பீட்டர் சலோவே என்ற உளவியலாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள். ஒருவன் இன்னொருத்தியைக் காதலிக்கிறான் என்றால் படுக்கையும் நடந்திருக்கும், படுக்கை மட்டும் என்றால் காதல் இருக்க வேண்டியதில்லை என்று பல பெண்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பவளுக்கு ‘மனசு’ என்ற விடை இரண்டு துரோகமும் சேர்ந்த விடை. பெண் படுக்கைக்குப் போனால் மனசும் போயிருக்கும் என்று நினைக்கும் ஆணுக்கு ‘உடல்’ என்ற விடைதான் இரட்டை அடி. ஆக, டிக்கில் தெரிவது ஆதிகால மூளையாகவும் இருக்கலாம், எதிர்ப்பாலைப் பற்றிய சாதாரண அனுமானமாகவும் இருக்கலாம்.

பஸ் சும்மா இருக்கவில்லை. காதலில்லாத உடலுறவு, உடலுறவில்லாத காதல் என்று இரண்டையும் கத்தரித்துப் பிரித்து அமெரிக்கா, கொரியா, ஜப்பான் மூன்றிலும் கேட்டு 1999-இல் வெளியிட்டார். வித்தியாசம் அப்படியும் கரையவில்லை. இது அவர் பக்கத்துக்கு நியாயமான மதிப்பெண், கொடுத்துவிடுவோம். 2002-இல் டெஸ்டெனோ திரும்ப வந்தார். ஒரு எண்வரிசையை மனதில் பிடித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள் என்றார். யோசிக்க இடம் கொடுக்காவிட்டால் உள்ளே ஊறிய குணம் வெளியே வரும் என்பது கணக்கு. ஆண்கள் விடையை மாற்றவில்லை. பெண்களில் பெரும்பான்மை ‘உடல் துரோகம்தான்’ என்ற பக்கத்துக்கு மாறியது. பரிணாமத் தரப்பு இதையும் ஒப்புக்கொள்ளவில்லை, யோசனை தேவைப்படுவதாலேயே ஒன்று இயற்கை இல்லை என்றாகிவிடாது என்றது. அந்த வாதத்திலும் சாரம் இருக்கிறது.

1992 ஆய்வின் இன்னொரு பாகம்தான் எல்லோரையும் மயக்கியது. விரல் தோலின் வியர்வை, நாடித்துடிப்பு, புருவத்தைச் சுளிக்கும் தசை மூன்றையும் கருவியில் பதிந்துகொண்டு, காதலி இன்னொருவனோடு இருப்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஆண்களுக்கு உடலுறவுக் காட்சியில் முள் அதிகம் ஏறியது. கருவி பொய் சொல்லாதே என்பீர்கள். பொய் சொல்லவில்லை, ஆனால் எதற்காக ஏறுகிறது என்றும் சொல்லவில்லை. கிறிஸ்டின் ஹாரிஸ் 2000-இல் துரோகமே இல்லாத காட்சியையும் சேர்த்தார். காதலியோடு தானே உறவு கொள்வதைக் கற்பனை செய்தபோதும் ஆண்களுக்கு முள் அதேபோல் ஏறியது. வேதனைக்கும் கிளர்ச்சிக்கும் நாடி ஒரே மாதிரிதான் துடிக்கும். அந்த ஒப்பீட்டுக் காட்சி இல்லாமல் முதல் ஆய்வை நம்பியிருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கூட்டினால் என்ன மிஞ்சும்? 2012-இல் இரண்டு தொகுப்பாய்வுகள் வந்தன. பிராட் சகரின் குழு டிக் முறையை ஒதுக்கிவிட்டு, எவ்வளவு வலிக்கும் என்று மதிப்பெண் போடச் சொன்ன ஆய்வுகளைத் திரட்டியது. ஆண்–பெண் வித்தியாசம் இருக்கத்தான் செய்தது, அளவு சுமார் 0.26 (0 என்றால் வித்தியாசமே இல்லை). இதைச் சாதாரணக் கணக்காக மாற்றித் தருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆண், ஒரு பெண் என்று 100 ஜோடிகளை எடுத்தால், சுமார் 57 ஜோடிகளில் ஆண்தான் உடல் துரோகத்தின் பக்கம் அதிகம் சாய்ந்திருப்பார், 43-இல் பெண். உயரத்தில் இதே கணக்குப் போட்டால் சுமார் 90 ஜோடிகளில் ஆண் உயரமாக இருப்பார். அதே வருஷம் வந்த கிறிஸ்டோபர் கார்ப்பென்டரின் தொகுப்பாய்வு, ஆணும் பெண்ணும் வேறுபடுவதைவிட ஒத்திருப்பதே அதிகம் என்று தலைப்பிலேயே போட்டது.

மாணவர்களை விட்டு வெளியே போய்க் கேட்டது 2016-இல் அச்சான ஒரு அமெரிக்க ஆய்வு. சுமார் 64,000 பேர். எதிர்ப்பாலை விரும்பும் ஆண்களில் உடல் துரோகத்தைச் சொன்னவர்கள் 54 சதவீதம், பெண்களில் 35. வித்தியாசம் நிஜம்தான். ஆனால் ‘ஆண் என்றாலே இப்படி’ என்று முழங்குவதற்கு 54 போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். ஜெர்மனியில் 1996-இல் கேட்டபோது ஆண்களிலும் பெரும்பான்மையினர் மனசு போவதையே சொன்னார்கள். பஸ் கையெழுத்திட்ட கட்டுரைதான் அதுவும்.

நமீபியாவின் ஹிம்பா மக்கள் கால்நடை வளர்ப்பவர்கள். அங்கே மணமான ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளியே துணை இருப்பது ஊரறிந்த வழக்கம். 2020-இல் வெளியான மரபணு ஆய்வில் 48 சதவீதக் குழந்தைகளுக்குக் கணவர் தகப்பன் அல்ல, அந்தக் கணவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிந்தும் இருந்தது. பொறாமை அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் அது எடுக்கும் அளவு வேறு. புரூக் செல்சாவும் சகாக்களும் 11 சமூகங்களை ஒப்பிட்டபோது, தகப்பன் பிள்ளைக்கு அதிகம் செலவழிக்கும் இடங்களில் துரோகத்தின்மீதான சீற்றம் கடுமையாக இருந்தது. பரிணாமம் கொடுத்தது ஒரே சூட்டில் எரியும் அடுப்பு அல்ல, திருகு வைத்த அடுப்பு. திருகு எங்கே நிற்கும் என்பதில் ஊருக்கும் பங்கு உண்டு.

இனி செல்போன். உங்கள் கேள்வியில் ‘இயற்கைதானே’ என்ற வார்த்தை ரொம்பப் பாரம் சுமக்கிறது. ஒரு உணர்ச்சி ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் கிடைத்தால், அதை வைத்து நீங்கள் செய்யும் காரியத்துக்கு அனுமதி கிடைத்ததாக அர்த்தமில்லை. பஸ் உட்பட அந்தத் துறைக்காரர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள், காணொளிகளில் அந்தப் பக்கம் மட்டும் வெட்டுப்படுகிறது. போகட்டும், அதே துறையில் உங்களுக்குச் சங்கடமான ஒரு கோட்பாடு இருக்கிறது. மார்ட்டி ஹேசல்டனும் பஸ்ஸும் 2000-இல் எழுதியது. இரண்டு வகைத் தவறில் ஒன்று அதிக நஷ்டம் தருமானால், மனம் நஷ்டம் குறைந்த தவறைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி வார்க்கப்படும் என்பது அதன் சாரம். சந்தேகத்துக்கும் அதைப் பொருத்துகிறார்கள். துரோகத்தைக் கவனிக்காமல் விடுவது பெரிய நஷ்டம், இல்லாத துரோகத்தைக் கண்டுபிடிப்பது சின்ன நஷ்டம். ஆகவே சந்தேகம் வீணாக மணியடிக்கும்படியே அமைந்திருக்கும். கவனியுங்கள்: பரிணாமத்தை நீங்கள் முழுசாக நம்பினால், ‘எனக்கு உள்ளுக்குள் உறுதியாகத் தோன்றுகிறது’ என்பதற்குச் சாட்சி மதிப்பே கிடையாது.

நோண்டினால் நிம்மதி வரும் என்பதற்கும் ஆதாரமில்லை. கனடாவில் 308 மாணவர்களிடம் எடுத்து 2009-இல் வெளிவந்த ஃபேஸ்புக் ஆய்வில், அதில் செலவழித்த நேரம் கூடக்கூடப் பொறாமையும் கூடியிருந்தது. எது முதலில் என்பதைச் சர்வே மட்டும் சொல்லிவிடாது. பார்ப்பதால் சந்தேகம், சந்தேகத்தால் மீண்டும் பார்ப்பது என்ற சுழற்சியாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்னொன்று, அதில் பொறாமை மதிப்பெண் அதிகம் வாங்கியவர்கள் பெண்கள். கணவனின் தனி உரிமை என்று நீங்கள் நினைத்த இயற்கை அங்கே கட்சி மாறி நிற்கிறது.

டி.என்.ஏ.வுக்கு வருவோம். பெல்ஜியத்தில் மார்ட்டன் லார்முசோ குழு, காகிதத்தில் ஒரே பாட்டனின் ஆண்வழி வாரிசுகளான தூரத்து உறவினர்களைப் பிடித்து, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டது. நடுவில் எங்காவது தகப்பன் மாறியிருந்தால் இரண்டும் பொருந்தாது. பல நூற்றாண்டுகளுக்குச் சேர்த்துக் கிடைத்தது தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம். கெர்மிட் ஆண்டர்சன் 2006-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தார். ‘பிள்ளை என்னுடையதுதான்’ என்று நம்பிய ஆண்களில் ஏமாந்தவர்கள் 2 சதவீதத்துக்கும் கீழே. சந்தேகம் முற்றி லேபுக்கே போனவர்களில் சுமார் 30 சதவீதம். அதாவது சண்டை போட்டு, ஊரைக் கூட்டி, ரத்தம் கொடுத்தவர்களிலேயே பத்துக்கு ஏழு பேர் அந்தக் குழந்தையின் சொந்தத் தகப்பன்மார்.

நம் நாட்டில் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தால் அதற்கும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். திருமணம் நீடிக்கும்போதோ, அது முறிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையிலோ பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தை என்பதே சட்டம். பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 112, இப்போதைய பாரதிய சாக்‌ஷிய அதினியத்தில் பிரிவு 116. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேரவே வாய்ப்பில்லாமல் இருந்தார்கள் என்று காட்டினால்தான் அது உடையும். கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் கௌதம் குண்டு வழக்கில் சொல்லிவிட்டது. மனைவியின் தகாத உறவை நிரூபிக்கக் குழந்தையைச் சோதனைக்கு உட்படுத்தக் கேட்ட ஒரு கணவரின் கோரிக்கையை 2023-இலும் அது ஏற்கவில்லை. எனவே உங்கள் மனுவை எடுத்ததும் கேட்கப்படுவது, பரிணாமத்தில் என்ன நடந்தது என்பதல்ல, அந்த மாதம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது. ‘சேலத்தில், அதே வீட்டில்’ என்பது பதிலானால் வக்கீல் ஃபீஸ் மிச்சம்.