தோட்டம் இல்லாத வாடகை வீட்டில் குப்பையைக் குறைக்க உங்களுக்கு உண்மையிலேயே பயன்பட்ட பழக்கம் எது?

கேட்டவர் மூன்று சங்கடங்களைச் சொல்லியிருக்கிறார்: வாடகை வீடு, மண் தரை கிடையாது, காலையில் வேலைக்கு ஓட வேண்டும். எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறார். என் நிலையும் இதேதான். வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். துணி காயப்போட ஒரு பால்கனி உண்டு. கணவர், பள்ளிக்குப் போகும் மகள், மாமியார், நான் என்று நான்கு பேர். ஆறு ஆண்டுகளாக இந்த வீட்டில் செய்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஈரமானதையும் உலர்ந்ததையும் ஒரே கூடையில் சேரவிடாமல் இருப்பதுதான் என் பதில். துணிப்பை, எரு, மறுசுழற்சி எல்லாம் அதற்குப் பின்னால் வருகிறவை.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் தெருமுனைக் காயலான் கடைக்காரர். இரண்டு மாதப் பால் கவர்களைப் பெருமையாக மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் முடிச்சை அவிழ்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கழுவாமல் கட்டிவிட்டீர்களே அம்மா, உள்ளே புழு வைத்திருக்கிறது. இதை வாங்கிப் போட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல மூட்டையையும் யாரும் எடுக்கமாட்டார்கள். கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், எடை போட்டுக் காசு தருகிறேன்" என்றார். அந்த மூட்டையைத் திரும்பத் தூக்கி வந்த நாளில் என் புத்தியில் ஏறியது இன்றுவரை இறங்கவில்லை. பால் கவர் நல்ல பிளாஸ்டிக். உருக்கிக் குருணையாக்கி வேறு பொருள் செய்ய முடியும். இரண்டு சொட்டுப் பால் உள்ளே தங்கிப் புளித்துவிட்டால் அதே கவர் யாருக்கும் ஆகாததாகிவிடுகிறது. செய்தித்தாளும் அட்டைப் பெட்டியும் அப்படித்தான். சாம்பார் பட்ட அட்டையைக் காகித ஆலை என்ன செய்யும்?

எங்கள் வீட்டில் நாளுக்கு இரண்டு அரை லிட்டர் பாக்கெட். ஆண்டுக்கு 730 கவர்கள். மொத்தமாக எடை போட்டால் இரண்டு கிலோ வருவதே கடினம், கிடைக்கும் காசும் சொற்பம். ஆனால் அந்த 730 கவர்கள் சாக்கடையை அடைக்கவில்லை, மாட்டின் வயிற்றுக்குள் போகவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயம். செய்முறை எளிது. கவரின் மூலையை முழுதாக வெட்டி எடுத்துவிடாதீர்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டைத் தேடிப் பொறுக்க எவராலும் முடியாது. கவரோடு ஒட்டியிருக்கும்படி கீறினால் போதும். கால் டம்ளர் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரைப் பாலிலேயே ஊற்றிவிடுகிறேன். என் மாமியார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம் அது. பிறகு துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டால், எங்கள் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நான் பிறந்த வீடு வாணியம்பாடிப் பக்கம். வீட்டுக் கிணற்று நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வேக வைப்பதற்கென்றே அம்மா வெகுதூரம் போய் நல்ல தண்ணீர் சுமந்து வந்தார். காரணம், அந்தப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள். பதப்படுத்தாத மாட்டுத் தோல், ஆட்டுத் தோலைக் கெடாமல் வைக்க உப்பு இடுவார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழுவி வெளியேறும். அதோடு பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகமும் சேரும். பல பத்தாண்டுகளாக அந்தக் கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று அறிவித்த தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் மாணவர்கள் நாடு முழுவதும் எங்கள் ஊர்ப் பெயரை அதற்காகவே படிக்கிறார்கள். 'கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டினால் தீர்ந்தது' என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு அம்மாவின் இடுப்புக் குடம்தான் நினைவுக்கு வரும். எங்கே கொட்டினாலும் அது யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் பக்கம்தான்.

இனி ஈரக் குப்பை. என் மாமியார் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். அவர் பேச்சில் 'குப்பை' என்றால் எரு. "கழனிக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்று ஊரில் விசாரிப்பார்களாம். மாட்டுக்கொட்டகைச் சாணம், வைக்கோல் கூளம், அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் எல்லாம் ஒரே குழியில் மக்கும். உழவுக்கு முன் வண்டியில் ஏற்றிக் கழனியில் கொட்டுவார்கள். குப்பை குறைவாக இருந்த வீட்டுக்காரர் கவலைப்பட்ட காலம் அது. பிளாஸ்டிக் வந்து அந்தக் குழியில் கலந்த பிறகுதான் அந்தச் சொல்லே கெட்டுப்போனது. நகரத்து மாடிவீட்டில் அந்தக் குழியை ஒரு பானைக்குள் கொண்டுவந்திருக்கிறோம்.

பானைக்கென்று தனியாகச் செலவு செய்யவில்லை. கோடையில் குடிநீருக்கு வாங்கும் மண்பானை எங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கு இரண்டு கோடை தாங்கினால் அதிகம். வெளியே வெள்ளையாகப் பூத்து, நுண்துளைகள் அடைபட்டு, தண்ணீர் குளிராமல் போய்விடும். அந்தப் பானைகள்தான் இப்போது பால்கனியில் எருப்பானைகள். காற்று போகப் பக்கவாட்டில் துளை வேண்டும். முதல் பானையில் ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்தேன், இரண்டாகப் பிளந்தது. அடுத்ததை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, திருப்புளி முனையால் மெல்லத் திருகித் திருகிப் பத்துத் துளைகள் போட்டேன். அது இன்னும் உழைக்கிறது.

அடியில் தேங்காய் நார், அதன்மேல் ஒரு பிடி காய்ந்த இலை. தினமும் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ, முட்டை ஓடு. ஒவ்வொரு முறை போட்டதும் அதே அளவு காய்ந்த இலையால் மூடிவிட வேண்டும். நாற்றம் வருகிறது என்று கைவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இலையில்தான் கஞ்சத்தனம் செய்திருப்பார்கள். இலைக்கு எங்கே போவது? மாசி, பங்குனியில் தெரு வேப்பமரங்கள் உதிர்ப்பதைப் பெருக்கித் தீ வைப்பார்களே, அதை இரண்டு கோணிப்பையில் அள்ளி வைத்தால் ஆண்டு முழுவதும் வரும். தெருவில் புகையும் குறையும். வாரம் ஒருமுறை புளித்த மோர் இரண்டு கரண்டி தெளிக்கிறேன்.

புத்தகங்களில் சொல்லாத ஒன்று, ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி பானையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. சித்திரை, வைகாசியில் இங்கே பானை காய்ந்து, மக்குவது நின்றே போகும். எறும்பு ஏறினால் ஈரம் போதவில்லை என்று பொருள். அரிசி கழுவிய தண்ணீரைத் தெளித்தால் இரண்டு நாளில் எறும்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர் எதிர். உள்ளே சொதசொதவென்று ஆகிவிடும். அப்போது தச்சுப்பட்டறையில் மரத்தூள் வாங்கிக் கலக்குவேன். மாம்பழக் காலத்தில் தடித்த புழுக்கள் நெளியும். முதல் முறை என் மகள் அலறிவிட்டாள். அவை கழிவைத் தின்று எருவாக்குகிறவை, யாரையும் ஒன்றும் செய்யாது. பிரியாணி எலும்பை மட்டும் பானையில் போடாதீர்கள், பெருச்சாளி வரும்.

வெயில் காலத்தில் இரண்டு மாதம், மழைக்காலத்தில் மூன்று மாதம் ஆனால் மழை நனைத்த மண்ணின் மணத்தோடு கறுப்பாக எரு கிடைக்கிறது. கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் போக, ஒரு பழைய வாளியில் இலவம்பாடி முள்ளுக்கத்திரி வைத்திருக்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பக்கத்துக் கத்தரிக்காய் இது. காம்பில் முள் இருக்கும், பறிக்கும்போது கை பத்திரம். போன தை மாதம் பதினொரு காய் பறித்தேன். எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து, காய்கறித் தோல் சேர்த்துக் கொடுக்கும் கீழ்வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். அன்றிலிருந்து அவரும் தனிப் பானை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வீடு பிரித்து வாங்கினால் குப்பைமேடே தேவைப்படாது என்பதை நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். 'வேலூர் சீனிவாசன்' என்று அறியப்படும் அவர் வகுத்த முறையை வைத்துத்தான் சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பிரித்த குப்பையை வாங்குகிறார்கள். அங்கே முடிகிறதென்றால் இங்கே ஏன் முடியாது?

துணிப்பை பற்றி ஒரு கருத்து. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு கடையிலும் புதிதாக ஒரு துணிப்பை வாங்கி வீட்டில் முப்பது சேர்த்து வைப்பது இயற்கைக்கு உதவாது. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும். ஒரு பையை நூற்றுக்கணக்கான முறை தூக்கினால்தான் அதற்கு நியாயம் செய்ததாகும். எங்கள் வீட்டில் நான்கே பைகள். கணவரின் பழைய குடியாத்தம் லுங்கியில் மாமியார் தைத்தவை. இறைச்சிக்கும் பிரியாணிக்கும் எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போகிறோம். முதலில் வெறும் தூக்கை எடை போட்டுக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் இரண்டு முறை கடையில் கூச்சமாக இருக்கும். மூன்றாவது முறை அவர்களே தூக்கைக் கேட்டு வாங்குவார்கள்.

மூங்கில் பல் துலக்கி, அலங்காரக் கண்ணாடிச் சீசா என்று 'பசுமைப் பொருட்கள்' வாங்கச் சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள். கையில் இருப்பது தேயும்வரை உழைப்பதே மேல். செருப்பும் அப்படித்தான். ஆம்பூரில் ஊர் ஊராகப் பெண்கள் காலணி தைத்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நாங்கள் ஒரு வார் அறுந்ததற்காக ஒரு ஜோடியைத் தூக்கி எறிவது எனக்கு மனவருத்தம் தரும். என் தோல் செருப்புக்கு இதுவரை இரண்டு முறை அடிப்பாகம் மாற்றியிருக்கிறேன்.

தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறீர்களா? ஒரு லிட்டர் குடிநீர் தர அது இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குழாயின் கீழே ஒரு டிரம் வையுங்கள். அந்த நீரில் உப்பு அதிகம் என்பதால் செடிக்கு ஊற்றாமல், தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்கிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாட்களில் இயந்திரத்தைத் தொடுவதே இல்லை. வடிகட்டிக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம்.  

ஒன்றை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பேட்டரி, உடைந்த கண்ணாடி, ஊசி, காலாவதியான மாத்திரை, சானிட்டரி நாப்கின் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தாளில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவின் உள்ளங்கையில் கண்ணாடி கீறிய தழும்பை நான் பார்த்திருக்கிறேன். பையைக் கொடுக்கும்போது "இதில் கண்ணாடி இருக்கிறது அக்கா" என்று வாயாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். இந்த வாரம் பானை வாங்க வேண்டாம். சமையலறையில் மூடியுள்ள ஒரு வாளியும், அதிலிருந்து நாலடி தள்ளி ஒரு கோணிப்பையும் வையுங்கள். ஈரம் எல்லாம் வாளிக்கு. கழுவிக் காய்ந்தது மட்டும் பைக்கு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் கை மாறிவிடும், அதனால்தான் நாலடி. பதினைந்து நாள் கழித்துக் கோணிப்பைக்குள் கைவிட்டுப் பாருங்கள். கை பிசுபிசுக்காமல் வெளியே வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானையில் துளை போடலாம்.